அப்பா தலையில் அம்மாவின் கூடை

போன மாதம் என் கடைசிப் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் நல்ல மாதிரி. சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, குளியல், படிப்பு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கவேண்டும், அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் இருக்காது, பயமில்லாத பிள்ளைக்குத்தான் படிப்பு ஏறும் என்று சொன்னார். முன்னால் இருந்த ஒருவர், "ஏனுங்க மிஸ், தெனமும் ஒரே மாதிரின்னா புள்ளைக்குச் சலிச்சுப் போயிராதுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, நீங்களே யாராவது பதில் சொல்லுங்களேன் என்று எங்களைப் பார்த்தார்.

எனக்குப் பதில் தெரியும். பாதி எழுந்தும் விட்டேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியதும், கீழே விழாத குடையை எடுக்கிறவன்போலக் குனிந்து மறுபடி உட்கார்ந்துகொண்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் வாய் திறப்பது சுலபமில்லை. தவிர, என் பதில் கொஞ்சம் நீளம். அதில் ஒரு கூடை வரும், ஒரு கொட்டாங்குச்சி வரும், என் மாமாவும் வருவார். அவர் வந்தால் எதுவும் சுருக்கமாக முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம், அரவேணுவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். எனக்கு எட்டு வயது. தங்கைக்கு மூன்று முடிந்து சில மாதம். பாப்பா என்று கூப்பிடுவோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இலையைக் காயவைக்கும் டிரையர் மிஷினில் வேலை. எங்கள் லைனில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், ஒரே ஒரு வீட்டில்தான் கடிகாரம் இருந்தது, அதுவும் ஓடாது. ஃபேக்டரி சங்குதான் எல்லோருக்கும் நேரம். சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் கிளம்பினோம். சாயங்காலச் சங்கு ஊதினால் பறித்த இலைக்குக் கடைசி எடை முடிந்துவிட்டது, அம்மாக்கள் வருகிறார்கள் என்று அர்த்தம்.

லைனுக்கு மேலே ரோடு ஒரு வளைவு வளையும். அங்கே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம். அந்த மரத்தைத் தாண்டி அம்மா வருவாள். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கல்லின் மேல் கூடையைக் கவிழ்த்து, இடது கையால் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள். அப்புறம் கால் கழுவுவாள். கால் கழுவிக்கொண்டே வீட்டைப் பார்த்து, "யாரு ஊட்டுக்குள்ள?" என்று கேட்பாள். உள்ளே இருந்து பாப்பா, "நாந்தான்!" என்பாள். "நாந்தான்னா யாரு?" என்று அம்மா மறுபடி கேட்கமாட்டாள். அவ்வளவுதான் அந்த விளையாட்டு. பாப்பா வெளியே வந்து கொட்டாங்குச்சியை நீட்டுவாள். கூடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து இலையை அம்மா அதில் போடுவாள். மேஸ்திரி எடை பார்ப்பதுபோல் பாப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அஞ்சு கிலோ" என்பாள். என்றைக்கும் அஞ்சு கிலோதான். அதன்பிறகு அடுப்பு, வெந்நீர், சோறு, தூக்கம். எனக்கு இதில் ஒன்றும் விசேஷமாகத் தெரிந்ததில்லை. மழை பெய்வதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்யவேண்டும், கோயமுத்தூருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா கூடப் போய் இருந்தாள். எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் தெரிந்ததையும் சொல்லமாட்டார். நான் இப்போது இப்படி இருக்கிறேன் என்றால் அவரிடமிருந்து வந்ததுதான்.

பகலில் பாப்பா பிள்ளைக் காப்பகத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். சங்கு ஊதியதும்தான் பாடு ஆரம்பிக்கும். ஓடிப்போய் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்வாள். கையில் கொட்டாங்குச்சி. வெளியே பொம்பளைகள் பேசிக்கொண்டு வருவது கேட்கும். கால் கழுவும் சத்தம் கேட்கும். யாரும் "யாரு ஊட்டுக்குள்ள?" என்று கேட்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து வளைவைப் பார்த்து நிற்பாள். இருட்டியபிறகு பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு வந்து ஊட்டினால் சோற்றை வாயில் வாங்கமாட்டாள். வாங்கினாலும் துப்பிவிடுவாள். ராத்திரி திடீர் திடீரென்று எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்று அந்த அக்கா சொன்னார். அவள் அழவும் இல்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார். "காய்ச்சலெல்லாம் இல்லீங்க. புள்ளைக்கு ஏக்கம். நாலு வாய் உள்ள போனாச் செரியாயிரும். போகலீன்னா கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் பாக்கோணும்" என்றார்.

விஷயம் தேவாலாவில் இருந்த அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை அப்பாவுக்கு அக்கா. நல்லவள், ஆனால் அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கூடலூர் பஸ்கூட நின்று ஏற்றிக்கொண்டுதான் போகும். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அதற்குள் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் தேவாலாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லியனுப்பினாள். அத்தை வீட்டில் மாடு உண்டு, பால் உண்டு. எல்லோரும் அதுதான் நல்லது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா மட்டும், "அம்மாவும் இல்ல, ஊடும் இல்லேன்னா புள்ள எதைப் புடிச்சுட்டு நிக்கும்?" என்றார். அதை யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவை இங்கே கொண்டுவர வேண்டும். அம்மாவின் தம்பி. கொழுந்து லாரி ஓட்டினார். பாப்பாவைச் சாப்பிட வைப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். "மாப்ள, உன்ற தங்கச்சிய நான் சிரிக்க வெக்கறனா இல்லியா பாரு" என்று என்னிடம் சொல்வார். ஒருநாள் ஊட்டி வர்க்கி வரும். ஒருநாள் பலூன். ஒருநாள் லாரியில் கோத்தகிரி வரைக்கும் சவாரி. இன்னொருநாள் யாருடையதோ நாய்க்குட்டி, அதை அவர்களே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் என்ன வரும் என்று மாமா சொல்லவே மாட்டார். அதுதான் அதில் ருசி. பாப்பா எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம் சிரிப்பாள். சங்கு ஊதியதும் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொள்வாள். வர்க்கியெல்லாம் நான்தான் தின்றேன். உலகத்திலேயே பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒரே ஆள் என் மாமா என்று அப்போது நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம், சங்குக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. ஃபேக்டரியில் இலை தீர்ந்து அவர் வரும்போது நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். ஆணியில் தொங்கிய அம்மாவின் கூடையை எடுத்தார். அவள் சாக்கை இடுப்பில் கட்டினார். அவள் தலைத்துண்டைக் கட்டினார். பின்பக்கமாக மேலே ஏறிப் போய்விட்டார்.

சங்கு ஊதியது. பொம்பளைகள் வந்தார்கள். நடுவில் அப்பா, தலையில் கயிறு, முதுகில் வெறுங்கூடை.

எங்கள் எஸ்டேட்டில் ஆம்பளைகள் செடியைக் கவாத்து வெட்டுவார்கள், மருந்து அடிப்பார்கள், மூட்டை தூக்குவார்கள். இடுப்பில் சாக்குக் கட்டிக் கூடை சுமந்து யாரும் வந்ததில்லை. வளைவிலிருந்து லைன் வரைக்கும் ஒரே சிரிப்பு. "ஏனுங்கண்ணா, இன்னைக்கு எத்தன கிலோங்க?" என்று ஒரு அக்கா. "கொழுந்தா பறிச்சீங்க, முத்தல் எலையாங்க?" என்று இன்னொருத்தி. "மேஸ்திரி, புதுசா ஒரு பொம்பளையாளு வந்திருக்குது, பேரு போட்டுக்குங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் நடையை எட்டிப்போடவில்லை. அம்மா வருகிற வேகத்திலேயே வந்தார். கல்லின் மேல் கூடையைக் கவிழ்த்தார். இடது கையால் இரண்டு தட்டு. கால் கழுவினார்.

"யாரு ஊட்டுக்குள்ள?"

உள்ளிருந்து பதில் இல்லை. அப்பா இன்னொரு தரம் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பாப்பாவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, "அம்மா ஆஸ்பத்திரில இருக்கறா, கண்ணு. இன்னைக்கு வரமாட்டா. நாளைக்கும் சங்கு ஊதும். நான் வருவேன்" என்றார். அடுப்பு மூட்டினார், வெந்நீர் வைத்தார், சோறு போட்டுவிட்டு மறுபடி ஃபேக்டரிக்கு ஓடினார். பாப்பா அன்றைக்கும் சாப்பிடவில்லை.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்து, "உங்கூட்டு அக்கா இன்னைக்கு வேலைக்குப் போச்சாடா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அப்பாவிடம், வளைவுப் பக்கமாக வராமல் பின்பக்கமாகவே வந்துவிடக் கூடாதா என்று கேட்டேன். "பின்பக்கமா வந்தா, வர்ற சத்தம் பாப்பாவுக்குக் கேக்காதே" என்றார். சத்தம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வியாழனோ வெள்ளியோ, "யாரு ஊட்டுக்குள்ள?" என்று கேட்டதும், உள்ளேயிருந்து மெதுவாக, "நாந்தான்" என்று வந்தது. அப்பா கால் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவின காலையே மறுபடி கழுவினார். பிறகு கூடையின் அடியில் கையை விட்டார். ஃபேக்டரியிலிருந்து நாலு இலை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாப்பா ஒரு கண்ணை மூடி எடை பார்த்தாள். அன்றைக்கு ஒரு பிடி சோறு சாப்பிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். சனிக்கிழமை வந்தது.

அன்றைக்கு ஃபேக்டரியில் மலைபோல் இலை. டிரையரும் மக்கர் பண்ணியது. அப்பாவால் நகர முடியவில்லை. இலை இறக்க வந்த மாமாவிடம், கூடையைக் கட்டிக்கொண்டு வளைவிலிருந்து வா, கல்லின் மேல் கவிழ்த்துத் தட்டு, கால் கழுவு, கேள், அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். "இதென்னங்க மச்சான் பெரிய வேல!" என்று மாமா சொன்னாராம். அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மாமாவால் ஒரு வேலையை வெறுமனே செய்ய முடியாது. அம்மாவின் சேலை ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டார். காதில் டேலியாப் பூ. வளைவிலிருந்து இடுப்பை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார். லைனே திரண்டுவிட்டது. கூடையைத் தம்பட்டம் மாதிரி அடித்தார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "யாரு ஊட்டுக்குள்ள? கரடியா? பூதமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே தாவிக் குதித்து, கூடைக்குள்ளிருந்து ஒரு ரப்பர் தவளையை எடுத்து அமுக்கினார். அது கர்ரென்றது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான்.

பாப்பா அலறினாள். அத்தனை நாள் அழாத அழுகை. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கொட்டாங்குச்சி உருண்டு வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். சேலை கட்டிய மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "நல்லாத்தான் புள்ள வளக்கறீங்க" என்றாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "வாம்மிணி, அத்தை ஊட்டுக்குப் போலாம், கன்னுக்குட்டி பாக்கலாம்" என்று எவ்வளவோ கூப்பிட்டாள். பாப்பா வரவில்லை. அத்தை சோற்றை மூடி வைத்துவிட்டு, பாப்பாவின் கவுன்களை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துத் துணிப்பைக்குள் வைக்கத் தொடங்கினாள். மாமா வாசலில் உட்கார்ந்து, தெரியாமல் கையில் இருந்த தவளையை அமுக்கினார். அது கர்ரென்றது. அத்தை பார்த்த பார்வையில் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். அதற்குள்ளும் ஒருதரம் கர்ரென்றது.

அப்பா வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. தூறல், மேகம் லைன்வரைக்கும் இறங்கியிருந்தது. தலைமுடியெல்லாம் தேயிலைத் தூள். கட்டிலைப் பார்த்தார், துணிப்பையைப் பார்த்தார். கூடையை எடுத்தார், சாக்கைக் கட்டினார், மழையில் ஏறிப் போனார்.

"எங்கடா போறான் இவன்?" என்றாள் அத்தை.

வளைவு தெரியவில்லை. மரமும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு அந்த மேகத்துக்குள்ளிருந்து,

"ஊ..."

என்று ஒரு சத்தம் கிளம்பியது. நீளமாக ஏறி, அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. சங்கு ஊதுவது மாதிரியே. யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டறியாத அப்பா, வாயைக் குவித்து, மலை கேட்க ஊதிக்கொண்டிருந்தார். நாய்கள் குரைத்தன. கதவுகள் திறந்தன. "இதேதுடா ரெண்டாவது சங்கு?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

அப்பா வந்தார். அதே வேகம். கல், கூடை, இடது கையால் இரண்டு தட்டு. குழாய்த் தண்ணீர் சத்தம்.

"யாரு ஊட்டுக்குள்ள?"

அத்தை எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாமா உதட்டில் விரல் வைத்து அவளைத் தடுத்தார். மாமா பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாந்தான்."

பாப்பா தவழ்ந்து வெளியே வந்தாள். வாசலில் கிடந்த கொட்டாங்குச்சியை எடுத்து நீட்டினாள். அப்பா இலையைப் போட்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தவள், அன்றைக்கு இலையை விரலால் தொட்டும் பார்த்தாள்.

"ஈரம். நாலு கிலோ" என்றாள்.

மழை நாளில் ஈர இலை என்று மேஸ்திரி எடையில் கழிப்பார். அன்றைக்கெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வருவாள். அதை இவள் எப்போது கேட்டாள் என்று தெரியவில்லை. வாசலில் நின்ற பொம்பளைகள் சிரித்த சிரிப்பில், "இங்கயுமா கழிவு! அடிப்பாவி!" என்று ஒருத்தி கத்தினாள். அப்பா சிரிக்கவில்லை. முகத்தைத் தலைத்துண்டால் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்ததால் என்று நினைத்தேன்.

அத்தை பிசைந்து வைத்த சோற்றைப் பாப்பா அத்தை கையாலேயே சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அத்தை, கவுன்களைப் பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கிவிட்டு, "தம்பி, சங்கு கொஞ்சம் மெதுவா ஊது. தேவாலா வரைக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அம்மா வந்தது பல வாரம் கழித்து. மத்தியானமே மாமா ஜீப்பில் கூட்டிவந்துவிட்டார். மெலிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளை நேரே வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையில் உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, சங்கு ஊதட்டும் என்றார். "தையல் போட்ட பொம்பளைய ரோட்டுல உக்கார வெக்கறியே, உனக்குக் கிறுக்கா?" என்று பெரியம்மா சத்தம் போட்டாள். நானும் அப்பாவுக்குக் கல்மனசு என்றுதான் நினைத்தேன். அம்மா மட்டும் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு, அப்பா சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள்.

சங்கு ஊதியது. மற்றப் பொம்பளைகளோடு அம்மாவும் நடந்தாள். கூடை அப்பா முதுகில். அன்றைக்கு ஒருவரும் கிண்டல் பண்ணவில்லை. கல்லின் மேல் அப்பா கூடையைக் கவிழ்த்தார், அம்மா தட்டினாள்.

"யாரு ஊட்டுக்குள்ள?" குரல் பாதிதான் வந்தது.

"நாந்தான்!"

பாப்பா வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாய்ந்து கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. காலையில் போனவள் சாயங்காலம் வந்திருக்கிறாள் என்பதுபோலக் கொட்டாங்குச்சியை நீட்டினாள். அஞ்சு கிலோ என்றாள். பிறகு அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பாப்பா தன்னை மறந்துவிட்டாள் என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. சமாதானம் சொல்வதற்காக, "அம்மா, பாப்பா உன்னத் தேடுனா. சோறே திங்கல" என்றேன். அம்மா இன்னும் அழுதாள். நான் வெளியே போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் அம்மா பழையபடி வேலைக்குப் போனாள். கூடையும் சாக்கும் அவளிடம் போயின. அப்பாவை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதி.

அப்படி ஒரு சாயங்காலம், அப்பா மறந்துவிட்டுப்போன கம்பளியைக் கொடுக்க ஃபேக்டரிக்குப் போனேன். டிரையர் ரூமுக்குள் அதுவரை போனதில்லை. ஒரே சூடு, சத்தம், கண்ணை மறைக்கிற தூள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் தேயிலைத் தூள் படிந்து பழுப்பாக இருந்தது. ஒரே ஒரு சதுரம் மட்டும் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து வெளேரென்று இருந்தது. சங்கு ஊதியது. அப்பா மிஷினை விட்டுவிட்டு வந்து அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றார். நானும் அவர் இடுப்புக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சில்வர் ஓக் மரம், வளைவு, குழாய், கல், அந்தக் கல்லின் மேல் கூடையைக் கவிழ்த்து இடது கையால் தட்டிக்கொண்டிருக்கும் அம்மா.

வேலை நேரத்தில் இப்படிச் சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் திட்டமாட்டாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது. கம்பளியை அவர் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.